கம்பி வேலிக்கு அப்பால் நின்ற நம் கப்பல்

இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் கடற்படைத் தளபதிகளுக்கு, அவர்களிலும் முதலாவதாக எங்கள் நாட்டுக் கடற்படைத் தலைமைக்கு:

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் 2025 டிசம்பர் 3ஆம் தேதி நடந்த கடற்படை தினக் காட்சியைப் பார்க்க வந்த கூட்டத்தில் நானும் நின்றேன். கன்னியாகுமரி மாவட்டத்து வள்ளவிளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து மணலில் இடம் பிடித்திருந்தோம். பக்கத்தில் என் தம்பி மகன். கப்பல்கள் வந்தன, தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் போயின, பிள்ளைகள் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். இவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னடா என்று கேட்டேன். “பெரியப்பா, அங்கேயும் நம் கப்பல் இப்படித்தான் வந்தது” என்றான். அதற்குமேல் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

அவன் சொன்ன ‘அங்கே’ எது, அங்கே நடந்தது என்ன என்பதை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. நீரோடியில் தொடங்கி இரயுமன்துறைவரை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் கடற்கரை ஊர்கள் எங்களுடையவை. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். 1956இல் எல்லைக்கோடு போட்டார்கள். நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம், எங்கள் தேவாலயப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில் இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. எங்கள் ஆண்கள் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலும் முனம்பத்திலும் பேப்பூரிலும் ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் முப்பது நாள், நாற்பது நாள் கழித்துத்தான் கரை. சுறாவும் கேரை மீனும் தேடி, மற்றவர்கள் போகாத தூரத்துக்குப் போகிறார்கள். நானும் முப்பத்தொரு ஆண்டு போனேன். அதில் பத்தொன்பது ஆண்டு ஸ்ராங்காக, அதாவது படகை நடத்துகிறவனாக, இருந்தேன். முழங்கால் தேய்ந்த பிறகுதான் கரையில் உட்கார்ந்தேன்.

கடந்த ஆகஸ்டில், தடைக்காலம் முடிந்த கையோடு என் தம்பி மகன் ஏறிய படகு கொச்சியிலிருந்து புறப்பட்டது. பதினொரு பேர். ஏழு பேர் எங்கள் கரைக்காரர்கள், இரண்டு பேர் பொழியூர், இரண்டு பேர் அஸ்ஸாம் பிள்ளைகள். இருபதாம் நாள் கியர்பாக்ஸ் உடைந்தது. எங்கள் வயர்லெஸ்ஸுக்கு எட்டும் தூரம் கொஞ்சம்; அந்தத் தூரத்துக்குள் வேறு படகு எதுவும் இல்லை. மூன்று இரவு, மூன்று பகல் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். நான்காம் நாள் விடியும்போது ஜிபிஎஸ் காட்டிய இடம் வேறொரு நாட்டின் கடல். அந்த நாட்டுக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே, 200 கடல் மைலுக்கு உள்ளே; அதாவது மீன்பிடி உரிமை அந்த நாட்டுக்கே உள்ள மண்டலம்.

எந்த நாடு என்று எழுதவில்லை. எழுதினால் இது அந்த ஒரு நாட்டின் மேல் சொல்லும் புகாராகச் சுருங்கிவிடும். எங்கள் ஊர்களில் நாலைந்து நாடுகளின் கொட்டடியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ரோந்துக் கப்பல் வந்தது. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சத்தம் போட்டார்கள். படகில் இருந்தவர்களுக்குத் தமிழும் மலையாளமும் அஸ்ஸாமியும் தெரியும். அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் என்று காட்ட என்ன செய்வது? ஐஸ் அறையைத் திறந்து ஒரு கேரையை எடுத்து, என் தம்பி மகனும் இன்னொருவனும் வாலையும் தலையையும் பிடித்து மேலே தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஒருவன் தண்ணீர் கேனைக் கவிழ்த்து, காலி என்று காட்டினான். இன்னொருவன் லுங்கியை அவிழ்த்து வீசிக் காட்டினான். அப்போதுதான் அணியத்துக்கு, படகின் முன்முனைக்கு, முன்னால் தண்ணீரில் குண்டு விழுந்தது. மீனைக் கீழே போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார்கள். நாற்பது கிலோ மீன் மேலே விழுந்து அஸ்ஸாம் பையன் ஒருவனுக்குக் கால்விரல் இரண்டு முறிந்தது.

அவர்களை ஒரு துறைமுகத்துக்கு இழுத்துப் போய், கடலோரம் ஒரு தகரக் கொட்டகையில் வைத்தார்கள். சுற்றிலும் கம்பி வேலி. அடிக்கவில்லை; சோறு போட்டார்கள்; அதை மறைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்குத் தகவல் சொல்ல விடவில்லை. இங்கே நாங்கள் படகு மூழ்கிவிட்டது என்று நினைத்தோம். ஒன்பதாம் நாள், அந்தத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு மலையாளி வேலியோரம் போகும்போது இவர்கள் பேச்சைக் கேட்டு நின்று, பதினொரு பேரின் படத்தையும் எடுத்து ஊருக்கு அனுப்பினார். அரசுகள் செய்ய வேண்டிய வேலையை அந்த மனிதர் தன் கைபேசியால் செய்தார். அவர் இருக்கும் திசைக்கு என் கும்பிடு.

படம் கிடைத்த பிறகு நாங்கள் ஏறாத அலுவலகம் இல்லை. எங்கே போனாலும் ஒரே பதில்: தூதரகம் வழியாகப் போயிருக்கிறது, காத்திருங்கள்.

இனி நான் சொல்வதைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

அவர்கள் கொட்டகையில் இருந்த பதினெட்டாம் நாள், அந்தத் துறைமுகத்துக்கு இந்தியப் போர்க்கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாக வந்தது. முன்னும் பின்னும் வண்ணக் கொடிகள். கரையில் பேண்டு வாத்தியம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக் காகிதக் கொடிகளையும் ஆட்டினார்கள். கொட்டகையில் இருந்தவர்கள் மூவர்ணக் கொடியைப் பார்த்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். பேண்டு சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? காவலாளி வந்து உட்காரச் சொன்னார்.

மறுநாள், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் இரண்டு நாட்டு மாலுமிகளும் நட்புக்காகக் கால்பந்து ஆடினார்கள். பந்து ஒரு முறை வேலியோரம் உருண்டு வந்தது. எடுக்க வந்தவன் நம் மாலுமி, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என் தம்பி மகன் கம்பியில் முகத்தை வைத்து மலையாளத்தில், “சேட்டா, ஞங்ஙள் கன்யாகுமாரிக்காரா, பதினொந்நு பேருண்டு” என்றான். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றானாம். முகம் வெளிறிவிட்டது. “ஆபீசரோடு பறயாம்”, அதிகாரியிடம் சொல்கிறேன், என்று சொல்லிவிட்டு ஓடினான். மறுநாள் காலை கப்பல் போய்விட்டது.

அவன் சொன்னானா, இல்லையா, தெரியாது. அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை. சொல்லியிருப்பான் என்றுதான் என் மனம் சொல்கிறது. சொன்னால், அதைக் கேட்ட அதிகாரி அடுத்து யாரிடம் போவார்? விருந்துக்கு அழைத்த நாட்டிடம், ‘எங்கள் ஆட்கள் உங்கள் வேலிக்குள் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா’ என்று கேட்பதற்கு ஒரு வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தால், பந்தை எடுக்க வந்த பையன் வெளிறிப்போக வேண்டியதில்லை. இரண்டு கடற்படைகளும் மூன்று நாள் கைகுலுக்கிக்கொண்டன. அந்தக் கைகளிலிருந்து ஐம்பது அடி தள்ளி எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் விட்டார்கள். படகை விடவில்லை. மூன்று குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டிய படகு அது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: உங்கள் படகுகள் எல்லை தாண்டுகின்றன. ஆமாம், தாண்டுகின்றன. மீன் கூட்டத்தின் பின்னால் தெரிந்தே போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அது தவறு என்று பங்குப் பேரவையில் எழுந்து நின்று பேசியவன் நான், அதற்காக வசவும் வாங்கியவன். பாக் நீரிணைக் கதை இன்னும் சிக்கலானது. அங்கே இழுவைமடியால் வலை அறுபட்டு நிற்கிற வடக்கு இலங்கை மீனவனும் தமிழன்தான், அவன் வயிற்றெரிச்சலை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தெரிந்து தாண்டியவனுக்கும், எஞ்சின் செத்து அடித்து வரப்பட்டவனுக்கும் ஒரே குண்டா? தெரிந்தே தாண்டியவனாக இருந்தாலும் சட்டம் என்ன சொல்கிறது? 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையில் 73ஆம் பிரிவை எங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். அந்த 200 மைல் மண்டலத்துக்குள் மீன்பிடிச் சட்டத்தை மீறியதாகப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணைத்தொகை பெற்றுக்கொண்டு விரைவில் விடுவிக்க வேண்டும். நாடுகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் சிறைத்தண்டனை கூடாது. பிடித்த செய்தியைப் படகுக்குரிய நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். எங்களுக்குச் செய்தி சொன்னது ஒரு கூலித் தொழிலாளியின் கைபேசி.

கடற்படைகளால் கடலில் நட்பு வளர்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும் என்பதற்கு நானே சாட்சி. 2009இல், அரபிக்கடலில் நெடுந்தொலைவில், எங்கள் படகில் விஞ்சில் கயிறு சுற்றும்போது பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் கை உள்ளே போய்விட்டது. கரைக்கு ஆறு நாள் ஓட்டம். பனியனைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. சோமாலியக் கொள்ளையர்களுக்கு எதிராகப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் திரிந்த காலம் அது. சாம்பல் நிறக் கப்பல் ஒன்று வந்தது. என்ன கொடி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் முதலில் துப்பாக்கியை நீட்டினார்கள். நான் பையனின் கையைத் தூக்கிக் காட்டினேன். துப்பாக்கி கீழே இறங்கியது. ரப்பர் படகில் டாக்டர் வந்தார். எங்கள் தளத்திலேயே, ஐஸ் பெட்டியின் மூடியின் மேல் பையனைக் கிடத்தி, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தைத்தார். இரண்டு விரல் போயிற்று, கை நின்றது. நாங்கள் கொடுத்த மீனை வேண்டாம் என்றார், நான் விடவில்லை, கடைசியில் ஒரு வெளமீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். அந்தப் பையனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். எனக்கு இன்றுவரை அது எந்த நாட்டுக் கப்பல் என்று தெரியாது.

நம் கடற்படையும் இப்படிச் செய்திருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் எங்கள் பக்கத்தில் கொளச்சல் பிணக்காடாகக் கிடந்தபோதே, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நம் கப்பல்கள் மருந்தும் தண்ணீரும் கொண்டு போயின. 2014 டிசம்பரில் மாலே நகரின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோது தண்ணீர் கொண்டு போனதும் நம் கப்பல்கள். 2024 ஜனவரியில் ஐ.என்.எஸ். சுமித்ரா, கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ஈரானிய மீன்பிடிப் படகிலிருந்து 19 பாகிஸ்தானியரை மீட்டது. பாகிஸ்தானியர் என்று பார்த்து யாரும் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் கவிழ்ந்தபோது, கடலோரக் காவல் படையும் கடற்படையும் 24 பேரையும் உயிரோடு எடுத்தன. அதில் ஒருவர் ரஷ்யர், இருவர் உக்ரைனியர். கரையில் அவர்களுடைய நாடுகள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருக்கின்றன. கடலில் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள், ஒன்றாகக் காப்பாற்றப்பட்டார்கள். அந்தக் கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகளை எங்கள் கரை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறது; அது வேறு வழக்கு.

இவ்வளவும் செய்யத் தெரிந்த கைகள்தான் தவறும் செய்கின்றன. 2012 பிப்ரவரி 15ஆம் தேதியை எங்கள் கரை மறக்காது. எங்கள் ஆட்கள் வேலை செய்த செயின்ட் ஆன்டனி படகின் மேல், இத்தாலிய எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்ஸியில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டார்கள். இருவர் செத்தார்கள், ஒருவர் கொல்லம், மற்றவர் எங்கள் குமரிக் கரை. கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். வழக்கு உலக நடுவர் மன்றம்வரை போய், 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு முடிந்தது. ஒன்பது ஆண்டு. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் நம் ஐ.என்.எஸ். தபார் தாக்கி மூழ்கடித்தது கொள்ளையர் கைப்பற்றியிருந்த ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகு என்று பிறகு தெரியவந்தது. கொள்ளையர் மிரட்டிச் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்று கடற்படை சொன்னது. அந்த இருட்டில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் உள்ளே கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். எங்கள் கண்ணுக்கு ஒவ்வொரு சாம்பல் கப்பலும் உயிர் காக்க வருவதா, எடுக்க வருவதா என்று கிட்டே வரும்வரை தெரிவதில்லை. நாங்கள் இந்தப் பயத்தோடு வாழ்கிறோம், உங்கள் மாலுமிக்கும் எங்களைப் பார்த்து அதே பயம். இந்தப் பயத்தைக் குறைப்பதற்குத்தானே நீங்கள் கூடிக் கூடிப் பேசுகிறீர்கள்?

1995இல் போர்ட் பிளேரில் நாலு நாட்டுக் கடற்படைகளை அழைத்து ‘மிலன்’ கூட்டுப் பயிற்சியைத் தொடங்கினீர்கள். இலங்கையோடு 2005 முதல் ஸ்லைனெக்ஸ் பயிற்சி. 2008இல் டில்லியில் இந்தியப் பெருங்கடல் கடற்படைகளின் கருத்தரங்கை நிறுவினீர்கள். 2016இல் விசாகப்பட்டினத்தில் ஏறத்தாழ ஐம்பது நாட்டுக் கடற்படைகள் கூடின. இவற்றையெல்லாம் வீண் செலவு என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தெரிந்தவன் மேல் சட்டென்று கை நீளாது. ஆனால் அந்தப் பயிற்சிகளில் நீர்மூழ்கியை எப்படித் தேடுவது, பீரங்கியை எப்படிக் குறி வைப்பது, கொள்ளையன் ஏறிய கப்பலை எப்படி மீட்பது என்றெல்லாம் ஒத்திகை பார்க்கிறீர்கள். எஞ்சின் செத்து, வேறு மொழி பேசிக்கொண்டு, மீனைத் தூக்கிக் காட்டும் பதினொரு பேரை எப்படி அணுகுவது என்று ஒத்திகை பார்த்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. இந்தக் கடலில் உங்கள் கப்பல்கள் அன்றாடம் எதிர்ப்படுவது எங்களைத்தான்.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டோடு முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1972இல், அவர்களுடைய கடற்படைகள் கடலில் நேருக்கு நேர் வரும்போது என்ன கொடி காட்டுவது, எவ்வளவு விலகிப் போவது, பீரங்கியை எதிரிக் கப்பலை நோக்கித் திருப்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டன. ஆண்டுதோறும் உட்கார்ந்து, போன ஆண்டு என்ன தவறு நடந்தது என்று பேசின. 2014இல் மேற்குப் பசிபிக் கடற்படைகள் கூடி எதிர்பாராமல் சந்திக்கும்போது கடைப்பிடிக்கும் நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டன. எல்லாம் போர்க்கப்பலுக்கும் போர்க்கப்பலுக்கும் இடையே. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட 2005இல் இரண்டு நாட்டுக் கடல் காவல் அமைப்புகளும் நேரடியாகத் தொலைபேசியில் பேசிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. 2008 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரி 1இலும் ஜூலை 1இலும், பிடித்து வைத்திருக்கும் மீனவர் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்தச் சிறைகளில் எங்கள் ஆட்கள் படும் பாடு தனிக் கதை, ஆனாலும் பெயர்ப் பட்டியல் என்று ஒன்றாவது இருக்கிறது. பகையாளிகள் பட்டியல் கைமாற்றுகிறார்கள். கால்பந்து ஆடுகிற நண்பர்கள் பதினொரு பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒக்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் 30. என் தம்பி அந்தப் புயலில் போனான். கொட்டகையில் கிடந்தவன் அவன் மகன்தான். புயல் எச்சரிக்கை வந்தபோது எங்கள் ஆழ்கடல் படகுகள் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தன. அவற்றுக்கு எட்டும் கருவி எதுவும் படகில் இல்லை. மீனவர்களையும் ஏற்றிக்கொண்டு போய்த் தேடுங்கள் என்று கரையெல்லாம் போராடிய பிறகு, தேடும் கப்பல் ஒன்றில் என்னையும் ஏற்றினார்கள். நாலு நாள் இருந்தேன். அந்த மாலுமிகள் தூங்கவில்லை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு முதல் சோறு போட்டுவிட்டுத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் வரைபடத்தில் அவர்கள் போட்டிருந்த கட்டம் வேறு, எங்கள் படகுகள் தொழில் செய்யும் இடம் வேறு. நான் இரண்டாம் நாள் இளம் அதிகாரி ஒருவரிடம், இந்த நீவாட்டுக்கு, இந்த நீரோட்டத்துக்கு, கவிழ்ந்த படகு வடமேற்கே போயிருக்கும் என்றேன். அவர் என்னை மேலே அழைத்துப் போய்த் தளபதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அன்று மாலை இரண்டு உடல்களை எடுத்தோம். என் தம்பி இல்லை. அந்த நாற்காலியை முதல் நாளே போட்டிருந்தால், உயிரோடு எடுத்திருப்போமோ என்று எட்டு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நவம்பர் 30 திருப்பலி முடிந்து மூன்றாம் நாள்தான் சங்குமுகத்துக்கு வந்தேன். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

ஆகையால் நான் கேட்பவை இவை.

சுடுவதற்கு முன் எங்களுக்குப் புரிகிற மொழியில் பேசுங்கள். இந்தக் கடலில் தொழில் செய்கிறவர்களின் மொழிகள் எண்ணி முடிக்கக்கூடியவைதான்: தமிழ், மலையாளம், சிங்களம், மாலத்தீவின் திவேகி, வங்காளி, குஜராத்தி, உருது, பாரசீகம், அரபு, சோமாலி, இந்தோனேசிய மொழி. ‘எஞ்சினை நிறுத்துங்கள், கைகளைக் காட்டுங்கள், உதவி வேண்டுமா’ என்ற மூன்று வாக்கியத்தை ஒவ்வொரு மொழியிலும் பதிவு செய்து ஒவ்வொரு ரோந்துக் கப்பலிலும் வையுங்கள். கப்பல்கள் எல்லாம் கேட்கும் வயர்லெஸ் 16ஆம் சானலிலும் ஒலிபெருக்கியிலும் அதைப் போடுங்கள். அதே போல, எஞ்சின் பழுதாகி அடித்து வரப்பட்ட மீன்பிடிப் படகு என்பதற்கு எல்லா நாடுகளும் ஏற்கும் ஓர் அடையாளத்தை முடிவு செய்யுங்கள்: ஒரு துணி, ஒரு நிறம், எதுவாக இருந்தாலும் சரி. அதை எங்கள் படகுகளில் பழக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பங்கு தோறும், துறைமுகம் தோறும் நானே போய்ச் சொல்லித்தருகிறேன்.

பிடித்தால், 24 மணி நேரத்துக்குள் படகின் பெயர், பதிவு எண், ஆட்களின் எண்ணிக்கை, யாருக்காவது காயமா என்ற நான்கு செய்திகளையும் ஒரு கடற்படை இன்னொரு கடற்படைக்கு நேரடியாகச் சொல்லட்டும். தூதரகக் காகிதம் அதன் போக்கில் வரட்டும். நான்கு செய்தி கரைக்கு வந்தால், ஒன்பது நாள் செத்துப் பிழைக்க வேண்டிய அவசியம் எங்கள் பெண்களுக்கு இல்லை.

நல்லெண்ணப் பயணமாக ஒரு நாட்டின் துறைமுகத்துக்குப் போகும் எந்தக் கப்பலும், அங்கே தன் நாட்டு மீனவர் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார்களா என்று போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தால், ஓர் அதிகாரியும் ஒரு மருத்துவரும் அவர்களைப் பார்ப்பது அந்தப் பயணத்தின் நிகழ்ச்சிநிரலில், விருந்துக்கும் விளையாட்டுக்கும் முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை முதலில் நம் கடற்படை தொடங்கட்டும். பதிலுக்கு, நம் கரையில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் இலங்கை, ஈரான், பாகிஸ்தான் மீனவர்களைப் பார்க்க அவர்களுக்கும் இதே உரிமையைக் கொடுங்கள். அவர்களுடைய வீட்டிலும் யாரோ காத்திருக்கிறார்கள்.

படகை எரிக்காதீர்கள், துறைமுகத்தில் மக்கிப் போக விடாதீர்கள். பிணைத்தொகை சொல்லுங்கள், நாங்கள் கட்டுகிறோம். எங்கள் பதினொரு பேரின் படகு இன்னும் அந்தத் துறைமுகத்தில்தான் கிடக்கிறது. அதை மீட்டுத் தருவதை இந்த மடலுக்கான முதல் பதிலாகச் செய்யுங்கள் என்று நம் கடற்படைத் தலைமையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டுப் பயிற்சியில் ஒரு நாளை எங்களுக்கு ஒதுக்குங்கள். எஞ்சின் இல்லாத ஒரு மீன்பிடிப் படகைக் கடலில் விட்டு, எல்லா நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து தேடட்டும். ஒவ்வொரு தேடும் கப்பலிலும் அந்தந்தக் கரையின் மீனவர் ஒருவருக்கு முதல் நாளே நாற்காலி போடுங்கள். தங்கல் படகுகள் எல்லாவற்றிலும் இருவழியாகச் செய்தி போகும் செயற்கைக்கோள் கருவி பொருத்தும் வேலையை விரைவுபடுத்துங்கள். ஒரு படகுகூட விடுபடக் கூடாது. நீங்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்யும் கடல் பகுதியைக் காட்டும் எச்சரிக்கை, ஆங்கிலத்தோடு தமிழிலும் மலையாளத்திலும் எங்கள் படகுகளுக்கு வந்து சேரட்டும்.

பொங்கல் கழிந்ததும் என் தம்பி மகன் வேறொருவர் படகில் மறுபடி தொழிலுக்குப் போகிறான். கடன் இருக்கிறது, வேறு வழி இல்லை. அவன் அம்மா போக வேண்டாம் என்று ஒரு வாரமாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். உங்கள் பதிலைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி எங்கள் பங்கு ஆலய முகவரிக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு திருப்பலியிலும் வாசிக்கிறோம். பிறகு துறைமுகத்து ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டி வைக்கிறோம், கடலுக்குப் போகிற ஒவ்வொருவனும் படித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
வள்ளவிளையிலிருந்து ஒரு பழைய ஸ்ராங்கு